வெட்டச் சொன்னவர்களும் வெட்டாதவர்களும்

கானாவின் கோகோத் தோட்டங்களில் மரத்துக்கு இரண்டு பெயர் உண்டு. பழைய மரத்தை 'டெட்டே குவார்ஷி' என்பார்கள். அந்த மண்ணில் கோகோவை ஊன்றிய கொல்லரின் பெயர் அது. நட்டால் காய் பார்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். பின்னால் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வீரிய ரகமோ மூன்றே வருஷத்தில் காய்த்தது. அதற்கு உழவர்கள் வைத்த பெயர் 'அகொகோரா பெடி'. அகான் மொழியில் 'கிழவனும் தின்பான்' என்று அர்த்தம். நரைத்த தலையோடு குழி தோண்டினாலும் பலனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடலாம் என்கிற கணக்கு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. எந்த வேளாண் அலுவலரின் துண்டறிக்கையும் அந்த ரகத்தை இவ்வளவு சுருக்கமாக விற்றதில்லை.

அலுவலகக் கோப்புகளில் இதே உழவருக்கு வேறு பெயர். மாற்றத்தை ஏற்காதவர், சொன்னதைக் கேட்காதவர், அப்பன் செய்ததையே செய்கிறவர். கவாத்து செய்யச் சொன்னால் தள்ளிப்போடுகிறார். வயதான மரத்தை எடுத்துவிட்டுப் புதுக்கன்று நடச் சொன்னால் சிரித்து மழுப்புகிறார். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய இந்தப் புகார் ஆட்சிகள் மாறியும் நிற்கவில்லை.

புகாருக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. கானாவில் ஏறத்தாழ 8 லட்சம் குடும்பங்கள் கோகோவை நம்பி இருக்கின்றன. பெரும்பாலும் சில ஏக்கர் தோட்டங்கள்தான். ஹெக்டேருக்கு 400 முதல் 500 கிலோ வரை உலர்ந்த விதை கிடைக்கிறது. ஒழுங்காகக் கவனித்தால் அதே நிலத்தில் ஒரு டன்னுக்கு மேல் எடுக்கலாம் என்று ஆராய்ச்சி நிலையம் காட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மடங்கு விளைச்சல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒருவர் ஏன் கை நீட்டவில்லை?

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதே உழவர்கள் ஒரு காலத்தில் யாரும் சொல்லாமலே கை நீட்டியவர்கள்.

பெர்னாண்டோ போ தீவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய டெட்டே குவார்ஷி, 1879இல் அக்வாபிம் மலைத்தொடரிலுள்ள மாம்போங்கில் கோகோ விதைகளை நட்டார். அதற்கு முன்பே பாசல் மிஷன் பாதிரிமார் முயன்று பார்த்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அந்த நாடு அப்போது 'கோல்ட் கோஸ்ட்'. 1891இல் அங்கிருந்து கப்பலேறிய கோகோ வெறும் 80 பவுண்டு. இருபதே ஆண்டுகளில், 1911இல், சுமார் 40,000 டன் ஏற்றுமதியோடு உலகத்தின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. பெருந்தோட்ட முதலாளிகளோ அரசுத் திட்டமோ கொண்டுவந்த இடம் அல்ல அது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த, காய்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய, தாங்களே சாப்பிடாத ஒரு பயிரை ஊர் ஊராக விவசாயிகள் வாரிக்கொண்டார்கள்.

எப்படி என்று தேடிப்போனவர் பாலி ஹில் என்ற ஆங்கிலேயப் பெண் ஆய்வாளர். 1963இல் வெளிவந்த அவருடைய புத்தகம், 'தன் வீட்டுக்கொல்லையில் நாலு மரம் வைத்திருக்கும் அப்பாவி' என்று அதுவரை வரைந்திருந்த சித்திரத்தைக் கிழித்துப் போட்டது. அக்வாபிம் மக்கள் பனை எண்ணெய், ரப்பர் வியாபாரத்தில் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு, ஆள்சேர்த்துக் கூட்டாகக் காட்டு நிலம் வாங்கி, பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு, வந்த லாபத்தில் அடுத்த காட்டை வாங்கினார்கள். நம்மூர்க் கணக்கில் சொன்னால், பங்காளிகள் கூடிப் போட்ட முதலீடு. இவர்களைத்தான் பின்னால் 'புதுமைக்குப் பயந்தவர்கள்' என்று எழுதிவைத்தார்கள்.

அப்படியானால் தயக்கம் எங்கே வருகிறது? மேம்பட்ட சாகுபடி முறை என்று தரப்படும் பட்டியலை நிதானமாக வாசித்தால் ஒன்று பிடிபடும். பாதிக்கு மேல் அரிவாள் வேலை. போத்தை ஒடி. கிளையைக் கழி. புல்லுருவியை அறுத்தெறி. கறுத்து அழுகும் காயைப் பறித்து அப்புறப்படுத்து. நெருக்கி நட்டதைக் கலை. முப்பது வயதைத் தாண்டிய மரத்தை அடியோடு எடு. நோய் கண்ட மரத்தை வெட்டு, கூடவே அதைத் தொட்டு நிற்கும் நல்ல மரத்தையும் வெட்டு. உரமும் மருந்தும் நாற்றும் இதற்கெல்லாம் பின்னால்தான்.

கோகோவுக்குப் பலாவின் குணம். நுனிக்கிளையில் காய்க்காது; அடிமரத்திலும் தடித்த கொம்பிலும் தோலோடு ஒட்டிக் காய்க்கும். கவாத்து செய்து வெளிச்சமும் காற்றும் விட்டால் காய் அழுகல் குறையும், பூ கூடும். இது உழவருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குக் காய் தொங்கும் மரத்தில் அரிவாளை வைத்தால் அடுத்த பருவத்தில் அது திரும்பித் தரும் என்பதற்கு யார் பொறுப்பு? நடச் சொல்வதும் வெட்டச் சொல்வதும் ஒரே மாதிரி யோசனைகள் அல்ல. நட்டது பட்டுப்போனால் ஒரு விதை போயிற்று. வெட்டியது தவறாகிப்போனால் ஒரு தலைமுறை வருமானம் போயிற்று.

இந்தப் பயத்துக்கு அங்கே ஒரு வரலாறு உண்டு. கோகோவில் தொடங்கி ஒரு நாட்டின் விடுதலை வரை போன வரலாறு.

1936இல் கானாவின் கிழக்கு மாகாணத்தில், கொஃபோரிடுவா பக்கம், மரங்களின் இளந்தண்டுகள் வீங்கி நின்றதைக் கவனித்தார்கள். இலை நரம்போரம் சிவப்புக் கோடு. பிறகு காய்கள் சிறுத்து உருண்டன. மரம் இரண்டு மூன்று வருஷத்தில் நின்றபடியே செத்தது. இந்தத் தண்டு வீக்க நோய் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிற்று, அடுத்த ஊருக்குப் போயிற்று. 1938இல் டாஃபோவில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே பணியாற்றிய போஸ்னெட் என்ற விஞ்ஞானி, இது வைரஸ் நோய் என்பதை 1940இல் காட்டினார். பரப்புவது மாவுப்பூச்சி. மாவுப்பூச்சியைப் பேணிக் காப்பது எறும்பு. மருந்து கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. வெட்டுவதுதான் ஒரே வழி.

விஞ்ஞானம் சரிதான். சொல்லப்பட்ட விதம்தான் கோணல். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அரசு கட்டாய வெட்டில் இறங்கியது. அரசு ஆட்கள் குழுகுழுவாகத் தோட்டங்களுக்குள் வந்தார்கள். நோய் தொற்றிய மரம் உடனே சாவதில்லை. இன்னும் ஒன்றிரண்டு பருவம் காய்க்கும். சில மரங்களில் வெளியே அறிகுறியே தெரியாது. ஆக, உழவர் கண்ணுக்கு நடந்தது இதுதான்: காயோடு நிற்கும் பச்சை மரத்தை வெள்ளைக்காரன் ஆள் விட்டு வெட்டுகிறான். அதுவும் எப்போது? போருக்குப் பிறகு கோகோ விலை ஏறத் தொடங்கிய நேரத்தில்.

வெட்டச் சொன்னவர்களை நம்ப அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், 1937இல், ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலையை அமுக்கின. உழவர்கள் விதையை விற்க மறுத்து மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். 1938வரை போன அந்தக் 'கோகோ மறிப்பு' பிரிட்டிஷ் அரசை விசாரணைக் கமிஷன் போட வைத்தது. அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்ற அதே அரசு இப்போது வந்து, உன் நன்மைக்காகத்தான் வெட்டுகிறேன் என்கிறது. யார் கேட்பார்கள்?

1948 பிப்ரவரி 28 அன்று முன்னாள் போர்வீரர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஆளுநர் மாளிகை இருந்த கோட்டையை நோக்கி அக்ராவில் ஊர்வலம் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தார்கள். நகரம் பற்றி எரிந்தது. காரணங்களை ஆராய வந்த வாட்சன் கமிஷன் தன் அறிக்கையில் எழுதிய மனக்குறைகளுள் கோகோ மர வெட்டும் ஒன்று. வெட்டு நிறுத்தப்பட்டது, வெளி விஞ்ஞானிகளை அழைத்து மறுபடி கேட்டார்கள், அவர்களும் வெட்டத்தான் வேண்டும் என்றார்கள், மறுபடி தொடங்கியது. 1951 தேர்தலில் வென்று வந்த விடுதலை இயக்கத் தலைவர் குவாமே நிக்ருமாவின் அரசு முதலில் செய்தவற்றுள் ஒன்று கட்டாய வெட்டை நிறுத்தியது. பிற்பாடு அவர்களே நட்ட ஈட்டோடும் பேச்சுவார்த்தையோடும் அதைத் தொடர வேண்டியிருந்தது. அன்று முதல் இதுவரை கானாவில் வெட்டப்பட்ட நோய் மரங்கள் 20 கோடிக்கு மேல். நோய் இன்னும் போகவில்லை.

நிக்ருமாவுக்கும் கோகோ நிம்மதி தரவில்லை. 1954இல் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருக்க, அரசு ஒரு சுமைக்கு 72 ஷில்லிங் என்று நாலு வருஷத்துக்கு விலையைப் பூட்டியது. மிச்சம் நாட்டு வளர்ச்சிக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் கோகோ நாடான அசாந்தியின் தலைநகர் குமாசியில் ஒரு எதிர்க்கட்சி பிறந்தது. அதன் கொடியில் இருந்தது கோகோ மரம்.

இந்தக் கதைகளை இன்றைய உழவர் புத்தகத்தில் படித்திருக்க மாட்டார். தாத்தா சொல்லிக் கேட்டிருப்பார்.

சரி, எதையுமே ஏற்கவில்லையா? ஏற்றதையும் பார்க்க வேண்டும்; அந்தப் பட்டியல் ஏற்காததைவிட சுவாரசியமானது. 1950களின் கடைசியில் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு எதிராக 'கம்மாலின் 20' என்ற மருந்து வந்தது. அடித்த சில நாளிலேயே பூச்சி கொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. தெளிப்பான்கள் பரவின. 1964-65 பருவத்தில் அதுவரை காணாத அளவாக 5.5 லட்சம் டன்னைத் தாண்டியது விளைச்சல். (அதே மருந்தை ஆற்றில் ஊற்றி மீன் பிடித்தவர்களும் உண்டு. புதுமையை ஏற்பதில் அவர்களுக்குக் குறையே இல்லை!) மேல் அமேசான் காடுகளில் பவுண்ட் என்ற தாவரவியலாளர் 1930களின் கடைசியில் சேகரித்த வகைகள், டிரினிடாட் வழியாக 1944இல் டாஃபோ வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து பிறந்ததுதான் 'கிழவனும் தின்பான்'. அரசு நாற்றங்கால் எட்டாத ஊர்களிலும் அது பரவியது. பக்கத்துத் தோட்டத்துக் காயை உடைத்து விதையெடுத்து நட்டார்கள். வீரிய ரகத்தில் அப்படிச் செய்தால் வீரியம் குறையும் என்பது ஆய்வாளர்களின் தலைவலி. உழவருக்கோ மூன்றாம் வருஷம் காய் வந்தால் போதும். களைக்கொல்லியும் அப்படித்தான் பரவியது. காரணம் கூலி.

பதப்படுத்தலையும் இதில் சேர்க்க வேண்டும். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளை வாழையிலை மேல் குவித்து, இலையால் மூடி, நடுநடுவே கிளறி, ஆறு நாள் புளிக்க வைத்து, பிறகு மூங்கில் பாயில் நாள்கணக்கில் வெயில் காட்டுகிற பொறுமையான வேலை அது. கானா உழவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். உலகச் சந்தையில் கானா கோகோவுக்குத் தனி மதிப்பு கிடைப்பது இதனால்தான். யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சரியாகப் புளிக்காத, ஈரம் காயாத மூட்டையைத் தரப் பரிசோதகர் திருப்பி அனுப்பிவிடுவார். செய்தால் காசு, செய்யாவிட்டால் இல்லை. அதுவும் இதே வாரம்.

ஆக, பலன் சீக்கிரம் தெரிவது, கூலியை மிச்சப்படுத்துவது, கையிலிருப்பதைப் பறிக்காதது என்றால் அந்த உழவரை யாரும் முந்த முடியாது. கவாத்தும் மறுநடவும் இந்த மூன்றிலும் தோற்கின்றன.

மறுநடவு தோற்பதற்கு இன்னொரு ஆழமான காரணமும் இருக்கிறது. பிரான்சுவா ரூஃப் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதைக் 'காட்டு வாடகை' என்ற கருத்தால் விளக்கினார். கன்னிக் காட்டை வெட்டிக் கோகோ நட்டால் மண்ணில் உரம் இருக்கும், களை குறைவு, பூச்சியும் நோயும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. காடு இலவசமாகத் தரும் சீதனம் அது. அதே நிலத்தில் முப்பது வருஷம் கழித்து மறுபடி நட்டால் அந்தச் சீதனம் இல்லை. உரம் வாங்க வேண்டும், களையெடுக்க ஆள் வேண்டும், கன்றுகள் பாதி பட்டுப்போகும். அதனால் விவசாயிகள் பழைய தோட்டத்தைத் திருத்துவதைவிடப் புதுக்காடு தேடிப் போனார்கள். அக்வாபிமில் தொடங்கிய கோகோ நூறு வருஷத்தில் அசாந்தி, பிராங் அகாஃபோ என்று நகர்ந்து மேற்கு எல்லையின் செஃப்வி வரை போய்ச் சேர்ந்தது. அதுதான் அவர்கள் கண்ட மேம்பட்ட சாகுபடி முறை. பல காலம் அது சரியாகவே வேலை செய்தது. இப்போது மேற்கே போகக் காடு இல்லை. உரமும் கவாத்தும் மருந்தும், ஒரு வகையில், காடு ஓசியில் கொடுத்ததைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் ஏற்பாடுதான்.

அடுத்தது நிலம். இங்கேதான் துண்டறிக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

கானாவில் தோட்டத்தில் பாடுபடுகிறவரும் நிலத்துக்குச் சொந்தக்காரரும் பல இடங்களில் ஒருவர் அல்ல. 'அபூசா' என்பது மூன்றில் ஒரு பங்கு வாரம்: காய்க்கும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு விளைச்சலில் மூன்றில் ஒன்று. 'அபூனு' என்பது பாதிக்குப் பாதி: வெறும் நிலத்தில் கோகோ நட்டு ஆளாக்கினால் தோட்டமோ விளைச்சலோ சரிபாதி. மூன்றில் ஒரு பங்குக்காரர் தன் கைக்காசில் உரம் வாங்கிப் போட்டால் கூடுதல் விளைச்சலில் மூன்றில் இரண்டு இன்னொருவர் வீட்டுக்குப் போகும். அவர் உரம் வாங்கவில்லை என்று கேட்டால் அது மனப்பான்மையா, கூட்டல் கழித்தலா? அபூனுக்காரரின் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. பல ஊர்களில் அவருடைய உரிமை மரத்தோடு கட்டப்பட்டது. மரம் நிற்கும்வரை நிலம் அவர் கையில். மரத்தை வெட்டிவிட்டால், அடுத்த நடவுக்கு முன்னால் நில உரிமையாளரின் வாரிசு வந்து, 'பழைய பேச்சு பழைய மரத்தோடு போயிற்று' என்று சொல்லக்கூடும். செத்துக்கொண்டிருந்தாலும் அந்த மரம்தான் பட்டா. பட்டாவை யாராவது வெட்டுவார்களா?

நிழல் மரத்தின் கதை இன்னும் விசித்திரம். கோகோவுக்கு மேல் ஹெக்டேருக்கு 15 முதல் 18 பெரிய மரங்கள் நிழல் தர நிற்க வேண்டும் என்பது ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. ஆனால் 1962இல் வந்த சட்டப்படி, தானாக முளைத்த வெட்டுமரங்கள் யார் நிலத்தில் நின்றாலும் அரசின் பொறுப்பில். உரிமம் பெற்ற மரக்கம்பெனி ஒருநாள் வந்து பெரிய மரத்தைச் சாய்க்கும். அது விழும் பாதையில் இருபது கோகோ மரம் நசுங்கும். விற்ற பணத்தில் உழவருக்குப் பங்கு இல்லை. அதனால் மகோகனியும் 'ஓடும்' என்ற காட்டுமரமும் முளைவிடும்போதே அவர் கிள்ளி எறிந்துவிடுகிறார். பெரிய மரமாக இருந்தால் அடியில் நெருப்பு வைப்பார். வெட்டத் தயங்குகிறவர் என்று பெயர் வாங்கியவர் தயங்காமல் வெட்டும் மரம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

பெண்களின் நிலை வேறு. அகான் சமூகத்தில் சொத்து தாய்வழி. ஆண் இறந்தால் அவன் தோட்டம் பெரும்பாலும் அக்காள், தங்கை பிள்ளைக்குப் போகும். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புருஷனோடு சேர்ந்து காடு வெட்டி, கோகோக் கன்றுக்கு நடுவே சேம்பும் வாழையும் வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய மனைவி, அவன் கண்மூடியதும் வெளியே. 1985இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தது. சட்டத்துக்கு முன்பே ஊர் ஒரு வழி கண்டிருந்தது: கோகோ நட்டு ஆளாக்க மனைவி உதவினால், கணவன் ஒரு பகுதியைச் சாட்சிகள் முன்னிலையில், 'அசெடா' என்ற நன்றிச் சடங்கோடு அவள் பெயருக்குக் கொடுத்துவிடுவது. மேற்குக் கானாவில் இது பரவலாகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் லேசானது. கோகோவுக்கு வேலை அதிகம். மனைவி இல்லாமல் ஆகாது. பங்கு கிடைக்கும் என்று தெரிந்த நிலத்தில் யார் களையெடுக்க மாட்டார்கள்?

உரத்துக்கு வருவோம். 2006இல் 'கோகோ அப்ராபோபா' என்ற அமைப்பு தொடங்கியது. பெயருக்கு 'நல்வாழ்வு' என்று பொருள். இரண்டு ஏக்கருக்கான உரமும் மருந்தும் கடனாகக் கொடுத்து, விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பாக்கினார்கள். சராசரி விளைச்சல் நன்றாகவே ஏறியது. இருந்தும் கணிசமானவர்கள் அடுத்த பருவத்தில் திரும்பி வரவில்லை. நன்றி கெட்டவர்களா? ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களும் கானா ஆய்வாளர்களும் சேர்ந்து ஒவ்வொருவர் கணக்காகப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. சராசரி உயர்ந்தாலும் கடனையும் உழைப்பையும் கழித்தால் கணிசமானோருக்கு நஷ்டம். விலகியவர்கள் பெரும்பாலும் பலன் குறைவாகக் கிடைத்தவர்கள்தான். ஒவ்வொரு நிலத்தின் மண்ணும், மரத்தின் வயதும், வீட்டில் இருக்கும் கைகளும் வேறு. சராசரி என்பது அலுவலகத்தில் வாழும் ஆள். தோட்டத்தில் அவனை யாரும் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்பது அங்கும் உண்டு. அக்வாபிமில் அன்னாசி சாகுபடி புதிதாகப் பரவியபோது கான்லி, உட்ரி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் யார் யாரிடம் யோசனை கேட்கிறார்கள் என்று தேடிப் பின்தொடர்ந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் வழக்கத்துக்கு மாறான அளவு உரம் போட்டு எதிர்பாராத லாபம் பார்த்தால், மற்றவர்கள் தங்கள் அளவை அவர் பக்கம் நகர்த்தினார்கள். நஷ்டப்பட்டால் எதிர்ப்பக்கம். பழகிய பயிர்களில் இந்தப் பார்த்துக் கற்றல் தெரியவில்லை. பிடிவாதம் என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1983 வறட்சியிலும் காட்டுத்தீயிலும் விளைச்சல் 1.6 லட்சம் டன் அளவுக்கு விழுந்த நாடு அது. 2001இல் கோகோ வாரியமான கோகோபாட் தன் செலவில் ஆள் வைத்து ஊர்தோறும் மருந்தடிக்கத் தொடங்கியது. அடுத்த பருவத்திலிருந்து உரத் திட்டம். 2010-11 பருவத்தில் விளைச்சல் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. அரசு செலவில் நடந்ததால் வந்த சங்கடமும் உண்டு. மருந்துக் குழு வரும் என்று காத்திருந்து, அது பிந்தி வந்தோ பரிந்துரைத்த தடவைகள் வராமலோ போனபோது, தன் தெளிப்பானைத் தூசு தட்ட உழவர் மறந்திருந்தார். ஓசியில் ஒரு முறை கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் மனசு வராது. இதில் கானாக்காரரை மட்டும் குறை சொல்வானேன்?

2017இல் தொடங்கிய கைமகரந்தச் சேர்க்கை இன்னொரு முயற்சி. கோகோப் பூ சுண்டுவிரல் நகமளவு. அதைச் சூலாக்குவது கொசுவைவிடச் சிறிய ஈ. பூக்கும் பூக்களில் காயாவது நூற்றுக்குச் சில. இளைஞர்களைப் பழக்கி, விடிகாலையில் இடுக்கியோடு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். காய்கள் அடிமரம் முழுக்கத் தொற்றிக்கொண்டு வந்தன. ஆனால் அத்தனை காயைத் தாங்க மரத்துக்கு உரமும் தண்ணீரும் வேண்டும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கூடவே வருகிறது.

2023 முதல் வந்த வருஷங்கள் இந்தக் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டன. 2023-24 பருவத்தில் கானாவின் விளைச்சல் ஏறத்தாழ 5.3 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. மழை தப்பியது ஒரு காரணம். வீக்க நோய் இன்னொன்று. நாட்டின் 13.8 லட்சம் ஹெக்டேர் கோகோவில் 5.9 லட்சம் ஹெக்டேரில் அது பரவியிருப்பதாக 2024இல் கோகோபாட் மதிப்பிட்டது. பஞ்சம் வந்ததும் நியூயார்க் சந்தையில் விலை பறந்தது. பல வருஷமாக டன் 2,500 டாலர் அளவில் கிடந்தது 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. ஆனால் கானா தன் விளைச்சலை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றுவைக்கும் நாடு. 2024 செப்டம்பரில் அரசு அறிவித்த கொள்முதல் விலை டன்னுக்கு 48,000 சீடி. அன்றைய மாற்றில் சுமார் 3,000 டாலர். சந்தை விலையில் பாதிகூட இல்லை. மூட்டைகள் இரவில் எல்லை தாண்டி ஐவரி கோஸ்டுக்கும் டோகோவுக்கும் போனதில் வியப்பென்ன?

இன்னொரு பக்கம் 'கலாம்சே' என்று அழைக்கப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கம். ஒருவர் வந்து தோட்டத்தைத் தோண்டக் கேட்டு ரொக்கத்தை நீட்டுகிறார். நோய் பிடித்த மரம், வயதான உடம்பு, நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகள். கவாத்துக்கு அசையாத கை இதற்கு அசைந்துவிடுகிறது.

இந்த மனக்கணக்கு நமக்கும் புதிதல்ல. 1970களில் கேரளத்தில் கோகோ நடச்சொல்லி உற்சாகப்படுத்தினார்கள். 1980களின் தொடக்கத்தில் விலை விழுந்து, வாங்க ஆளில்லாமல் போனபோது நட்டவர்களே வெட்டி வீசினார்கள். அந்த நெருக்கடியின் விளைவாகத்தான் கர்நாடகத்தின் புத்தூரில் 1986இல் கேம்ப்கோ கூட்டுறவின் சாக்லேட் ஆலை வந்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. 2024இல் உலர்ந்த விதை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டபோது நாற்றுக்கு அலைந்தவர்களும், அடுத்த ஆண்டே ஆந்திரத்தின் ஏலூரில் கொள்முதல் செய்ய மறுத்த கம்பெனிகளுக்கு எதிராகத் தெருவுக்கு வந்த விவசாயிகளும் ஒரே பயிர்க்காரர்கள்தான்.

கானாவில் 2020இல் தொடங்கிய மறுசீரமைப்புத் திட்டம் பழைய தவறுகளிலிருந்து ஏதோ கற்றிருக்கிறது. வெட்டுவதும் நடுவதும் அரசு செலவு. நட்ட ஈடு இரண்டு பேருக்கு: நிலத்துக்காரருக்குத் தனியாக, உழுபவருக்குத் தனியாக. புதுக்கன்றுக்கு நடுவே நிழலுக்கு வாழை வைத்துக் கொடுக்கிறார்கள். கோகோ காய்க்கும்வரை அந்த வாழைத்தார்தான் வீட்டை ஓட்ட வேண்டும். இரண்டு கைகளுக்கும் பணம் என்றதும் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. முதலில் அடுத்த தோட்டத்தில் வெட்டுங்கள், பார்க்கலாம் என்று நிற்பவர்களும் உண்டு.

இரண்டிலும் சேராத மூன்றாம் வகையினரும் இருக்கிறார்கள். அவர்கள் வெட்டுவதில்லை, மறுப்பதும் இல்லை. கிழட்டு மரங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் வீரிய ரகக் கன்றைச் சத்தமில்லாமல் ஊன்றிவிடுகிறார்கள். பழையது காய்க்கும்வரை காய்க்கட்டும். புதியது எழும்பியதும் பழையதை ஒவ்வொன்றாகச் சாய்க்கலாம். வருமானம் ஒருநாளும் நிற்காது. நிலத்துக்காரர் கேட்டால் தோட்டம் தோட்டமாகவே இருக்கிறது. டாஃபோ விஞ்ஞானிகள் இதைக் கண்டு தலையில் அடித்துக்கொள்வார்கள்: மேலே நிற்கும் நோய்மரத்திலிருந்து மாவுப்பூச்சி இறங்கிக் கன்றின் இளந்தண்டில் ஏற ஒரு எறும்பு போதும். கன்று நட்டவர் அதையும் கேட்டுக்கொள்கிறார். தலையாட்டுகிறார். அடுத்த இடைவெளிக்குப் போய்க் குழி தோண்டுகிறார்.